பார்வையாளர்கள் மட்டுமல்லர்!

தில்லி இந்தியா கேட் அருகே, ஜெய்ப்பூர் மாளிகையில் அமைந்துள்ளது தேசிய நவீனக் கலைக்கூடம். 1954 மார்ச் 29-ஆம் தேதி அன்றைய குடியரசுத் துணைத் தலைவர் டாக்டர் ராதாகிருஷ்ணன், பிரதமர் நேருவின் முன்னிலையில் இதனைத் தொடங்கிவைத்தார். 2009-இல் புதிய கட்டடம் திறக்கப்பட்டு, கூடம் பன்மடங்கு விரிந்தது. சுவர்கள் பெருகிவிட்டன. ஆனால், அச்சுவர்களில் இடம்பெறும் உரிமை யாருக்கு என்கிற கேள்விக்கு மட்டும் இன்னும் விடை கிடைத்தபாடில்லை.

நமது கலைக்கூடங்களுக்கும் இளைஞர்களுக்கும் இடையேயான உறவு பெரும்பாலும் பள்ளிச் சுற்றுலாவோடும், விடுமுறைக் கால ஓவியப் போட்டியோடும் முடிந்துவிடுகிறது. சான்றிதழ் வழங்கப்படும், குழுப் புகைப்படம் எடுக்கப்படும், மறுநாள் கூடம் பழைய அமைதிக்குத் திரும்பிவிடும். இதைக் கூட்டு முயற்சி என்று அழைப்பது சொல்லுக்கே இழுக்கு.

வேறு வழி உண்டு என்பதற்குத் தலைநகரிலேயே சான்று இருக்கிறது. மாற்றுக் கல்விக்கான 'அங்குர்' அமைப்பும், வளரும் சமூகங்கள் ஆய்வு மையத்தின் 'சராய்' பிரிவும் இணைந்து 2001-இல் 'சைபர் மொஹல்லா' என்ற முயற்சியைத் தொடங்கின. 'சராய்' பிரிவை நிறுவியவர்களில் 'ராக்ஸ் மீடியா கலெக்டிவ்' கலைஞர்களும் அடங்குவர். லோக்நாயக் ஜெயப்பிரகாஷ் மருத்துவமனையை ஒட்டிய குடிசைப் பகுதியில் ஒரு சிறு அறை. அதில் சில கணினிகள். பின்னர் தட்சிணபுரியிலும் நாங்லா மாஞ்சியிலும் இது விரிந்தது.

அங்கு கூடிய இளைஞர்களில் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்களும் உண்டு. அவர்களுக்கு யாரும் ஓவியப் பாடம் நடத்தவில்லை. தங்கள் தெருவை உற்றுக் கவனிப்பதே அவர்களது பணியாக இருந்தது. நாட்குறிப்பு எழுதினார்கள், ஒலிகளைப் பதிவு செய்தார்கள், புகைப்படம் எடுத்தார்கள், ஒருவர் எழுதியதை மற்றவர்களுக்குப் படித்துக் காட்டி விவாதித்தார்கள். கலைஞர்கள் ஆசானாக அல்ல, உடன் பணியாற்றுபவர்களாக அமர்ந்தார்கள். இது ஒருநாள் விழாவல்ல, ஆண்டுக்கணக்கில் நீடித்த உழைப்பு.

2006-இல் நீதிமன்ற உத்தரவின்பேரில் யமுனைக் கரையிலிருந்த நாங்லா மாஞ்சி இடித்துத் தள்ளப்பட்டது. தேசிய நவீனக் கலைக்கூடத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில்தான் அது இருந்தது. உரிய ஆவணம் காட்ட முடிந்தவர்களுக்கு நகரின் விளிம்பில், சாவ்தா கேவ்ராவில் சிறு மனைகள் ஒதுக்கப்பட்டன. மற்றவர்கள் சிதறிப் போனார்கள். அந்த நாள்களை அரசுக் கோப்புகள் 'ஆக்கிரமிப்பு அகற்றம்' என்று இரண்டே சொற்களில் முடித்துக்கொள்ளும். ஆனால், அந்த இளைஞர்கள் அதை உள்ளிருந்து எழுதினார்கள். அவ்வெழுத்துகள் 2007-இல் 'பஹுரூபியா ஷஹர்' என்ற இந்தி நூலில் இடம்பெற்றன. அந்நூல் 2010-இல் 'டிரிக்ஸ்டர் சிட்டி' என்ற பெயரில் ஆங்கிலத்திலும் வெளிவந்தது.

இதில் ஒரு கசப்பான உண்மையும் இருக்கிறது. இந்த இளைஞர்களோடு சேர்ந்து ஜெர்மானியக் கட்டடக் கலைஞர்கள் நிக்கோலஸ் ஹிர்ஷ், மிஷெல் முல்லர் ஆகியோர் 'சைபர் மொஹல்லா ஹப்' என்ற கூடத்தை வடிவமைத்தனர். அது 2008-இல் இத்தாலியின் போல்சானோ நகரில், 'மேனிஃபெஸ்டா' கலைக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. ஐரோப்பா மதித்த அந்தக் கற்பனைக்கு, அது பிறந்த நகரின் அரசுக் கலைக்கூடமல்லவா முதலில் இடமளித்திருக்க வேண்டும்?

தேர்ந்த கலைஞர்களுக்குரிய கூடத்தில் அனுபவமற்ற இளைஞர்களை அனுமதித்தால் தரம் தாழ்ந்துவிடும் என்று வாதிடுவோர் உண்டு. தரம் காக்கப்பட வேண்டியதே. ஆனால், அது பயிற்சியாலும் தொடர்ந்த உழைப்பாலும் வருவது, முகவரியால் வருவதல்ல. குடிசைப் பகுதி இளைஞர்களின் எழுத்து நூலாகி, மொழிபெயர்ப்பும் கண்டிருப்பது இந்த வாதத்துக்குப் போதிய பதில்.

நிதியில்லை என்பது அடுத்த சாக்கு. 2023-24 நிதிநிலை அறிக்கையில் மொத்தச் செலவு ஏறத்தாழ ரூ.45 லட்சம் கோடி. கலாசார அமைச்சகத்துக்கு ஒதுக்கப்பட்டதோ சுமார் ரூ.3,400 கோடி. அதாவது, நூறு ரூபாயில் எட்டுக் காசுக்கும் குறைவு! இந்த ஒதுக்கீடு உயர வேண்டும் என்பதில் ஐயமில்லை. அதே வேளையில், ஒரு கூடத்தை ஓர் ஆண்டுக்கு ஒதுக்கித் தருவதற்குத் தேவைப்படுவது பணத்தைவிட மனமே.

பள்ளிகளிலும் உயர்கல்வி நிறுவனங்களிலும் கலைஞர்கள் தங்கிப் பணியாற்ற வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை கூறுகிறது. அதன் மறுபாதியாக, கலைக்கூடங்களில் இளைஞர் குழுக்கள் தங்கிப் பணியாற்றவும் வழி காண வேண்டும். தில்லி, மும்பை, பெங்களூரு ஆகிய மூன்று தேசியக் கூடங்களிலும் இதைத் தொடங்கலாம். படைப்பில் இளைஞர்களின் பெயர் இடம்பெற வேண்டும். உழைப்புக்கு ஊதியம் வேண்டும். எதைக் காட்டுவது என்று முடிவெடுப்பதில் அவர்களுக்குப் பங்கு வேண்டும். கலாசாரத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, எத்தனை பேர் பார்வையிட்டார்கள் என்று கேட்பதோடு நிற்காமல், எத்தனை இளைஞர்கள் படைத்தார்கள் என்றும் அமைச்சகத்தைக் கேட்க வேண்டும்.

மக்களின் வரிப்பணத்தில் எழுந்த கலைக்கூடத்தின் வாயிலை மக்களுக்குத் திறந்துவைத்தால் மட்டும் போதாது. உள்ளே ஒரு சுவரையும் அவர்களுக்கு ஒதுக்க வேண்டும்!