போர்டு போய்விட்டதா?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

கணிப்பொறி இல்லாமல் இன்று ஒரு காரியமும் நடப்பதில்லை. சாதிச் சான்றிதழ் பெறுவதும், உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பதும், தேர்வு முடிவு பார்ப்பதும் அதன் வழியாகவே நடக்கின்றன. அத்தகைய பொறி ஒரு நாள் பொத்தானை அழுத்தியும் அசையாமல் கிடந்தால் நாம் என்ன செய்கிறோம்? கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். அங்கே, “போர்டு போச்சு” என்று இரண்டே சொல்லில் தீர்ப்பு வழங்கப்படுகிறது. நாமும் தலையாட்டிவிட்டுப் பணத்தை எண்ணி வைக்கிறோம். இத்தீர்ப்பு பல வேளைகளில் விசாரணையின்றியே வழங்கப்படுகிறது. அந்த விசாரணையை நடத்தக் கற்பது அறிவியல் மாணவர் ஒவ்வொருவரின் கடமை என்பது என் கருத்து.

பிராசசர், ரேம் முதலிய உறுப்புகளையெல்லாம் தாங்கி இணைக்கும் பலகையே மதர்போர்டு. நூல்களில் தாய்ப்பலகை என்று எழுதுவர். மேசைக் கணிப்பொறியின் பொத்தான் வீட்டு விளக்கின் சுவிட்சைப் போன்றதன்று. விளக்கின் சுவிட்சு மின்சாரத்தையே திறந்து விடுகிறது. கணிப்பொறியின் பொத்தானோ மதர்போர்டில் உள்ள இரண்டு ஊசிகளை ஒரு கணம் இணைத்து, “எழுந்திரு” என்று தெரிவிப்பதோடு சரி. 1995 இல் இன்டெல் நிறுவனம் வகுத்த ஏ.டி.எக்ஸ். அமைப்பில் வந்த ஏற்பாடு இது.

சுவரில் பிளக்கைச் செருகிச் சுவிட்சைப் போட்டவுடனேயே எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கி, ஊதா நிற வயரில் 5 வோல்ட்டை அனுப்பத் தொடங்கிவிடுகிறது. பொத்தானை அழுத்தியதும் மதர்போர்டு பச்சை வயரின் மின்னழுத்தத்தைச் சுழிக்கு அருகே இறக்குகிறது. அதுவே மின்வழங்கிக்குக் கட்டளை. உடனே அது 12, 5, 3.3 வோல்ட்டுகளை வழங்கி, அவை நிலைபெற்றதும் சாம்பல் நிற வயர் வழியாக “எல்லாம் சரி” என்று செய்தி அனுப்புகிறது. அரை நொடிக்குள் வந்துவிடும் அச்செய்திக்குப் பிறகே பிராசசர் தன் வேலையைத் தொடங்கும்.

ஆகவே இது பல கண்ணிகள் கொண்ட சங்கிலி. எந்தக் கண்ணி அறுந்தாலும் வெளியே தெரிவது ஒன்றே: மௌனம். அந்த மௌனத்தை மட்டும் வைத்துக்கொண்டு, கண்ணிகளில் விலை கூடிய மதர்போர்டின் மீது முதற்பழியைப் போடுவது எவ்வகையில் நியாயம்?

விசாரணைக்கு ஒரு வரிசை உண்டு. எளியதும் செலவில்லாததும் முதலில் வர வேண்டும். சுவர்ப் பிளக்கில் மின்சாரம் இருக்கிறதா? மின்வழங்கியின் பின்புறச் சுவிட்சு போடப்பட்டிருக்கிறதா? இவை சரியென்றால் மல்டிமீட்டரை எடுக்கலாம். 24 ஊசிச் செருகியில் ஒன்பதாம் ஊசி ஊதா வயருக்குரியது. அதற்கும் கறுப்பு வயருக்கும் இடையே 4.75 முதல் 5.25 வோல்ட் வரை காட்ட வேண்டும். செருகியைக் கழற்றிய பின்னும் ஒன்றும் காட்டாவிட்டால் குற்றவாளி மின்வழங்கியே. அளவு சரியாக இருந்தால் அடுத்த ஐயம் பொத்தான். அதன் வயரைக் கழற்றிவிட்டு, மதர்போர்டில் உள்ள அந்த இரண்டு ஊசிகளையும் ஸ்குரூடிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டால் போதும். பொறி எழுந்துவிட்டால், பழுது சில ரூபாய் விலையுள்ள பொத்தானில்தான் இருக்கிறது.

அப்போதும் எழவில்லையென்றால் பிராசசருக்கு 12 வோல்ட் கொண்டுவரும் 4 அல்லது 8 ஊசிச் செருகியைப் பார்க்க வேண்டும். பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஹார்டு டிஸ்க் முதலிய துணைக் கருவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதிக்க வேண்டும். பலகையை இரும்புப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து அட்டையின் மேல் வைத்தும் பார்க்கலாம். அடியில் சிக்கிய ஒரு திருகாணி குறுக்கு மின்சுற்றை உண்டாக்கி எல்லாவற்றையும் நிறுத்திவிடக்கூடும். இத்தனைக்கும் பிறகு பலகை அசையாவிட்டால்தான் அதன் மீது குற்றம் சாட்டலாம். விசிறி சுழன்றும் திரையில் படம் வராதது வேறு நோய். ரேமைக் கழற்றித் துடைத்து மாட்டுவது அதற்குரிய மருந்து. இரண்டையும் குழப்பிக்கொள்பவர் பலர்.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்? என் தந்தை மண்டியில் மூட்டை தூக்குகிறவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். எனக்காக அவர் வாங்கிவந்த பழைய கணிப்பொறி, சென்ற ஐப்பசியில் ஓர் இடி மழைக்குப் பின் இயங்கவில்லை. கடைக்காரர் பெட்டியின் திருகைக்கூடக் கழற்றாமல், “போர்டு போச்சு, நாலாயிரம் ஆகும்” என்றார். அது அப்பாவின் ஒரு வாரக் கூலி. அவர் கடன் கேட்கக் கிளம்பிவிட்டார். நான் துறை ஆசிரியர் ஒருவரிடம் மல்டிமீட்டரை இரவல் வாங்கிவந்து சோதித்தேன். ஊதா வயரில் மின்னழுத்தமே இல்லை. அறுநூறு ரூபாய்க்குப் பழைய மின்வழங்கி ஒன்றை வாங்கி மாட்டியதும் பொறி எழுந்தது. அந்தக் கடைக்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. அவருக்கும் யாரும் வரிசையைக் கற்பிக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் அறியாமையின் விலையைக் கட்டுபவர் எப்போதும் ஏழையாகவே இருக்கிறார் என்பதை யாரே மறுப்பர்?

ஆசிரியப் பெருமக்கள் சிலருக்கு இங்கே அச்சம் எழலாம். மாணவர் பெட்டியைத் திறந்தால் விபத்து நேராதா? இருப்புப் பதிவேட்டில் உள்ள பொருளுக்கு யார் பொறுப்பு? இரண்டும் நியாயமான கேள்விகள். மின்வழங்கியின் பெட்டியை மட்டும் மாணவர் எவரும் திறக்கக் கூடாது. 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தின் உச்ச அளவு சுமார் 325 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளிருக்கும் மின்தேக்கியில் அது சிறிது நேரம் தங்கியிருக்கக்கூடும். மாறாக, மதர்போர்டுக்கு வருபவை 12 வோல்ட்டுக்கு மேற்படாதவை. உத்தரவாதக் காலம் முடியாத பொறிகளைத் தொடவே வேண்டாம். உண்மையிலேயே மாண்டுபோகும் பலகைகளும் உண்டு. 2000 ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் உலகெங்கும் தரம் குறைந்த மின்தேக்கிகள் வீங்கி வெடித்து எண்ணற்ற மதர்போர்டுகளைச் செயலிழக்கச் செய்தன. ஆனால் வீங்கிய மின்தேக்கியையும் பெட்டியைத் திறந்து பார்த்தவர்தாமே கண்டறிய முடியும்?

நம் ஆய்வகத்தில் ஜீனர் டயோடின் வளைகோட்டை வரைகிறோம். வீட்ஸ்டன் சமனச்சுற்றில் மின்தடையை அளக்கிறோம். ரெக்கார்டு நோட்டில் கையொப்பம் பெறுகிறோம். விடை தெரிந்த சோதனைகள் இவை. விடை தெரியாத சோதனையை நாம் எப்போது செய்யப்போகிறோம்? கழித்துக்கட்டி ஏலத்துக்குக் காத்திருக்கும் கணிப்பொறிகளில் சிலவற்றை, முறைப்படி அனுமதி பெற்று, மாதம் ஒரு சனிக்கிழமை ஆசிரியர் மேற்பார்வையில் மாணவர் கையில் தரலாம். என்ன அறிகுறி, எதை அளந்தோம், என்ன கண்டோம் என்று ஒரு குறிப்பேடு வைக்கலாம். எழுந்த பொறிகளில் ஒன்றிரண்டை நூலகத்தில் வைத்தால், வீட்டில் கணிப்பொறி இல்லாத மாணவ மாணவியர்க்கு அது எவ்வளவு பெரிய உதவி!

2022 இல் மட்டும் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்ததாக ஐக்கிய நாடுகள் சார்பில் 2024 இல் வெளியான அறிக்கை கூறுகிறது. அதில் நான்கில் ஒரு பங்குகூட முறையாகச் சேகரிக்கப்படவில்லையாம். சோதிக்காமல் தூக்கி எறியும் ஒவ்வொரு பலகையும் அக்குவியலின் உயரத்தைக் கூட்டுகிறது.

நண்பர்களே! நாம் பட்டம் பெற்று ஊர் திரும்பும்போது, நம் தெருவில் ஒருவர் அசையாத பொறியைக் கொண்டுவந்து நம் முன் வைப்பார். “நீ சயின்ஸ் படிச்சவன்தானே, என்னன்னு பாரு தம்பி” என்பார். அவர் கேட்பது நம் மதிப்பெண்ணை அன்று. பதறாமல் முதல் கண்ணியிலிருந்து தொடங்கி அளந்து பார்க்கும் கையை. அந்தக் கையைத் தரும் இடமாக நம் ஆய்வகம் விளங்க வேண்டும்.