ஏட்டில் ஏறாத இராகம்



சென்ற தவக்காலத்தில் இங்கே நாவலூரில் ஒரு குறையை உணர்ந்தோம். பெரிய வெள்ளியன்று பாடும் பழைய புலம்பல் ஒன்றை எங்கள் முதிய உபதேசியார் ஒருவரே அறிந்திருந்தார். அவர் இறைவனடி சேர்ந்தபின் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினோம். சொற்கள் அனைத்தும் இருந்தன. மெட்டு மட்டும் அவரோடு கல்லறைக்குச் சென்றுவிட்டது. அவர் இருந்தபோதே கேட்டு எழுதிவைக்கத் தவறிய குற்றம் என்னுடையதே.

ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இத்தகைய குறையை நீக்க முயன்றவர், இத்தாலி நாட்டு அரெஸ்ஸோ நகரின் குய்தோ என்னும் ஆசீர்வாதப்பர் சபைத் துறவி. அக்காலத்தில் பாடற்சொற்களின் மேல் இடப்பட்ட குறிகள் குரல் ஏறுவதையும் இறங்குவதையும் நினைவூட்டினவேயன்றி, எவ்வளவு என்று திட்டமாகக் கூறவில்லை. ஆகவே சிறுவர் ஆசிரியரின் வாயைப் பார்த்தே ஆண்டுக்கணக்கில் மனப்பாடம் செய்தனர். குய்தோ கோடுகளை ஒழுங்குபடுத்தி, கோட்டிலும் இடைவெளியிலும் ஒவ்வொரு சுரத்துக்கும் இடம் வகுத்தார். திருமுழுக்கு அருளப்பரைப் புகழும் இலத்தீன் கீதமொன்றில் அடிதோறும் தொடக்கச் சுரம் ஒரு படி உயர்வதால், அவ்வடிகளின் முதலசைகளையே உத், ரே, மி, ஃபா, சோல், லா எனச் சுரப்பெயர்களாக்கினார். நம் ச, ரி, க, ம போன்றதே இதுவும். பத்தாண்டுக் கல்வியை ஓரிரு ஆண்டுகளில் முடிக்கலாம் என்றார் அவர். பாப்பரசர் 19-ஆம் அருளப்பர் அவரை உரோமைக்கு அழைத்து, தாம் கேட்டறியாத ஓரடியை அந்நூலைப் பார்த்தே பாடி வியந்தார். பின்வந்த பாலஸ்திரீனா, பாக் முதலியோரின் இசை இன்றும் ஒலிப்பது, அக்கோடுகளிலிருந்து வளர்ந்த முறையாலேயே.

அந்த ஐரோப்பிய முறையை நம் இசைக்குப் பயன்படுத்தியவர் சென்னைக் கத்தோலிக்கரான ஏ. எம். சின்னசாமி முதலியார். அரசுச் செயலகத்தில் பணியாற்றிய அவர், தியாகராஜரின் சீடர் மரபினர் பாடக் கேட்டுக் கீர்த்தனைகளை ஐந்து கோடுகளில் எழுதி 1893-இல் நூலாக வெளியிட்டார். பிற சமயத்தாரின் பாடல்களாயிற்றே என்று அவர் ஒதுங்கவில்லை. கண்பார்வை குன்றியபோதும் ஊக்கம் குன்றவில்லை. எட்டயபுரத்துச் சுப்பராம தீட்சிதரைத் தம் மரபின் கீர்த்தனைகளை எழுதுமாறு தூண்டியவரும் அவரே. அதன் பயனே 1904-இல் அச்சேறிய 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி'.

நம் இசையின் கமகங்கள் முழுவதையும் கோடுகள் காட்டிவிடா என்பது உண்மைதான். குருவின் குரலும் வேண்டும். ஆனால் குரல் மறைந்தபின் தேடுவோர்க்குக் கோடாவது வழிகாட்டும்.

உங்கள் இல்லத்திலும் பாட்டியார் பாடும் செபப்பாட்டோ தாலாட்டோ ஒன்று இருக்கலாம். கைபேசியில் பதிவு செய்யுங்கள். சுரம் அறிந்தவரைக் கொண்டு எழுதியும் வையுங்கள். எங்கள் உபதேசியாரின் தங்கை அப்புலம்பலின் இரண்டடிகளை இன்னும் முணுமுணுக்கிறாராம். பாடகர் குழுப் பிள்ளைகள் இருவரைத் தாளும் எழுதுகோலும் கொடுத்து இந்த ஞாயிறு அவரிடம் அனுப்புகிறேன். இருப்பதையேனும் காப்போம்.