மோட்டார் சைக்கிள் பழகுவோர்க்குச் சில நூல்களும் படங்களும்

பாறசாலையை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து சகோதரி ஒருவர் நமக்கு எழுதியிருக்கிறார். கணவர் ஷார்ஜாவில் பணிபுரிகிறார். மகனுக்கு 18 வயது நிறைந்து, பழகுநர் உரிமமும் கிடைத்துவிட்டது. வண்டிக்கான பணமும் வந்து சேர்ந்துவிட்டது. "பள்ளி மைதானத்தில் அவனுடைய சித்தப்பா இரண்டு மாலை சொல்லிக்கொடுத்தார். மூன்றாம் நாள் களியக்காவிளை வரை தனியாகப் போய்வந்து நிற்கிறான். எனக்கு வயிறு கலங்குகிறது. இதைப் படித்துக் கற்க நூல் ஏதும் இல்லையா?" என்பது அவர் வினா.

நூலைப் படித்து நீந்தக் கற்றவர் உண்டோ என்று நகைப்போர் உண்டு. சித்தப்பாவிடம் கற்றால் போதாதோ என்பாரும் உண்டு. இவ்விருவருக்கும் விடை தருவது 1981-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று. அமெரிக்காவில் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட் என்பவரும் அவர் குழுவினரும் லாஸ் ஏஞ்சலிஸ் நகர்ப் பகுதியில் ஏறத்தாழ 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் சென்று ஆய்ந்தனர். விபத்துக்குள்ளானோரில் 92 விழுக்காட்டினர் தாமாகவோ, வீட்டாரிடமோ, நண்பரிடமோ ஓட்டப் பழகியவர்கள். மற்றொரு செய்தியும் அதில் உண்டு. ஆபத்து நேர்ந்த கணத்தில் பெரும்பாலோர் பின் பிரேக்கை மிதமிஞ்சி அழுத்திச் சறுக்கினர். முன் பிரேக்கைப் போதிய அளவு பயன்படுத்தவில்லை.

இதைப் படித்தபோது நமக்கு உள்ளம் சுருக்கென்றது. "முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி எறிந்துவிடும்" என்றுதான் நாமும் நம் இளவலுக்குச் சொல்லிக்கொடுத்தோம். நமக்கு அப்படித்தான் சொல்லப்பட்டிருந்தது. இடவப்பாதி மழை நாள் ஒன்றில், அமரவிளைப் பாலத்துக்கு இப்புறம், கன்று ஒன்று குறுக்கே வந்தது. அவன் நாம் சொல்லியபடியே பின் பிரேக்கை மட்டும் மிதித்தான். பின் சக்கரம் வழுகி வண்டி சாய்ந்தது. காரை எலும்பு முறிந்தது. பின்னால் பேருந்து வராதது நம் நல்லூழ். அன்று பழுது வண்டியினுடையதன்று, சாலையினுடையதன்று; கற்பித்தவருடையது.

பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னோக்கிச் சாய்கிறது. பின் சக்கரம் இலேசாகி எளிதில் பூட்டிக்கொள்கிறது. முன் சக்கரமோ தரையை இறுகப் பற்றுகிறது. ஆகவே நிறுத்தும் வலிமையில் பெரும்பகுதி முன் பிரேக்கிலேயே இருக்கிறது. அதை வெடுக்கென்று பிடித்தலாகாது. ஈரத்துணியைப் பிழிவதுபோலப் படிப்படியாக இறுக்க வேண்டும். வண்டி சாய்ந்திருக்கும்போதும் மணற்பரப்பிலும் மிக மெல்லப் பிடிக்க வேண்டும். 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் புதிய வண்டிகளில், 125 சி.சி.க்கு மேற்பட்டவற்றுக்குச் சக்கரம் பூட்டாமற் காக்கும் ஏ.பி.எஸ். என்னும் அமைப்பும், அதற்குட்பட்டவற்றுக்கு இரு பிரேக்குகளும் சேர்ந்து பிடிக்கும் அமைப்பேனும் இருத்தல் வேண்டும் என்பது விதி. பழைய வண்டியை மலிவாக வாங்குவோர்க்கு இவ்வுதவி இல்லை.

நம் பகுதியில் ஓட்டப் பழகுதல் என்றால் 'எட்டு' போடப் பழகுதல் என்றே பொருள். 1956 நவம்பர் முதல் நாள் விளவங்கோடு சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லை பிரிந்தாலும் இரு புறத்திலும் தேர்வு எட்டுதான். கேரளத்தில் இந்த எட்டை நெடுங்காலம் பஜாஜ் எம்-80 வண்டியிலேயே போட்டார்கள். கையால் கியர் மாற்றும் அச்சிறு வண்டியில் தேறிய பிள்ளை, மறுவாரமே காலால் கியர் மாற்றும் 150 சி.சி. வண்டியில் ஏறி நெடுஞ்சாலைக்கு வந்தான்! 2024 ஆகஸ்டில்தான் அவ்வண்டியைத் தேர்விலிருந்து விலக்கினார்கள். தேர்வு விதிகள் குறித்து வழக்குகளும் நடந்தமையால், செல்லுமுன் பாறசாலை அல்லது நெய்யாற்றின்கரை அலுவலகத்தில் கேட்டறிந்து செல்க.

எட்டு வீணென்று நாம் கூறவில்லை. அதை உள்ளபடி கற்பிக்கும் படங்கள் 'ரைடு லைக் எ ப்ரோ' என்னும் வரிசையில் உள்ளன. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் காவல்துறையில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஜெர்ரி பல்லடினோ என்பவர் அவற்றை ஆக்கியவர். யூட்யூபிலும் பல பகுதிகள் கிடைக்கின்றன. அவர் மூன்றையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். கிளச்சை முழுதும் விட்டுவிடாமல், அது பிடித்தும் பிடியாமலும் இருக்கும் நிலையில் வைத்துக்கொள்ளுதல் ஒன்று. மெதுவாகச் செல்லும்போது பின் பிரேக்கில் காலை இலேசாக ஊன்றியிருத்தல் மற்றொன்று. சக்கரத்தைப் பாராமல், போக வேண்டிய இடத்தைத் தலையைத் திருப்பிப் பார்த்தல் மூன்றாவது. பெரிய ஹார்லி வண்டியை அவர் சின்னஞ்சிறு வட்டத்தில் வளைப்பதைக் கண்டால், நம் பிள்ளைகள் எட்டில் காலூன்றுவதன் காரணம் தானே விளங்கும். ஆங்கிலம் புரியாத அன்னையரும் ஒலியை அடக்கிவிட்டு அவர் தலை திரும்புவதை மட்டும் பார்க்கலாம். பாதிப் பாடம் அதுவே.

ஆனால் அமெரிக்கர் சாலையின் வலப்புறம் ஓட்டுவோர். அவர்தம் படங்களில் எந்த ஓரத்தில் செல்க, எப்பக்கம் பார்க்க என்று சொல்வதையெல்லாம் நாம் இடம் வலம் மாற்றிக்கொள்ள வேண்டும். அத்தொல்லை இல்லாத நூல் 'மோட்டார் சைக்கிள் ரோடுகிராஃப்ட்'. பிரிட்டிஷ் காவலர்க்கென எழுதப்பட்டது. அவர்களும் நம்மைப்போல் இடப்புறம் செல்வோர். வாங்கத்தக்கது ஒன்றே என்றால் இதையே சொல்வோம். நடை சற்றுக் கடினம், கருத்தோ எளிது. கண்ணுக்கு வெறுமையாகத் தெரியும் தூரத்துக்குள், நம் பக்கத்திலேயே, வண்டியை நிறுத்தக்கூடிய வேகத்தில்தான் செல்ல வேண்டும். வளைவில் சாலையின் இரு ஓரங்களும் ஒன்றுகூடுவதாகத் தோன்றும் புள்ளியைக் கவனித்து, அது நம்மை நெருங்கி வந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். வெள்ளறடைப் பக்கத்து ரப்பர்த் தோட்டச் சாலைகளில், ஏற்றமும் வளைவும் ஒருசேர வந்து, அப்பாலிருந்து ஜீப்பு நடுவில் இறங்கும்போது இப்பாடத்தின் அருமை தெரியும். மணிக்கு 60 கிலோமீட்டரில் செல்பவன் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறான். கை பிரேக்கைத் தொடுமுன் ஓடிவிடும் தூரம் அது. வேகம் இருமடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி நிற்கத் தேவையான தூரம் ஏறத்தாழ நான்மடங்காகும்.

டேவிட் ஹஃப் எழுதிய 'ப்ரொஃபிஷியன்ட் மோட்டார்சைக்ளிங்' 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது. இது பாடநூலாயினும் கதைபோல் ஓடுகிறது. இடப்புறம் சாய இடக்கைப்பிடியை மெல்ல முன்னோக்கித் தள்ள வேண்டும் என்னும் வியப்பான உண்மையைப் படங்களோடு விளக்குகிறார். மழை, இரவு, துரத்தும் நாய் ஆகியவற்றையும் விடவில்லை. நாய் நம்மைச் சந்திக்க எண்ணிய இடத்தைக் கணக்கிட்டு ஓடி வருகிறதாம். முன்னரே வேகத்தைக் குறைத்துப் பின் சட்டென்று கூட்டிச் சென்றால் அதன் கணக்குத் தப்பிவிடும். நாய்களுக்குப் பஞ்சமில்லாத நம் ஊர்களில் இப்பக்கத்தை எல்லோரும் விரும்பிப் படிப்பர்.

கீத் கோடு என்பாரின் 'எ ட்விஸ்ட் ஆஃப் த ரிஸ்ட்' நூல்களை (1983, 1993) இளைஞர் முதலில் கேட்பர். இரண்டாம் பகுதி 2009-இல் படமாகவும் வந்தது. பந்தய ஓட்டத்துக்குரியவை இவை. பழகி ஓராண்டு கழிந்தபின் பார்த்தால் போதும். அச்சம் வந்ததும் உடல் இறுகுவதும், எதைக் கண்டு அஞ்சுகிறோமோ அதையே பார்த்து அதன்மேலே மோதுவதும் ஏன் என்று அவர் விளக்குவது மட்டும் எவருக்கும் பயன்படும். முன் சக்கரத்தைத் தூக்கி ஓட்டுவோர் வெளியிடும் குறும்படங்களைப் பற்றி எழுத இவ்விதழில் இடமில்லை.

இன்னொரு செய்தியையும் சுருக்கமாகச் சொல்லவேண்டும். தந்தை அயல்நாட்டில் இருக்க, வண்டி முற்றத்தில் நிற்க, 15 வயதுப் பிள்ளை கடைக்கென்று எடுத்துச் செல்லும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, அப்பிள்ளை குற்றமிழைத்தால் காப்பாளருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் நீக்கப்படும். அவனுக்கு 25 வயது வரை பழகுநர் உரிமமும் கிடையாது. வீட்டில் இருப்பவர் தாய் ஒருவரே என்பதை மறவற்க. 2022-இல் இந்தியச் சாலைகளில் மாண்ட 1,68,491 பேரில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வண்டிகளில் சென்றவர்கள்.

சகோதரிக்கு நாம் சொல்வது இது. மகனைக் கடிய வேண்டா. சித்தப்பாவையும் விலக்க வேண்டா. இருவரும் சேர்ந்து பல்லடினோவின் படத்தில் ஒரு பாடத்தைப் பார்க்கட்டும். ஞாயிறு காலை அதே மைதானத்தில் அதை மட்டும் பழகட்டும். அடுத்த ஞாயிறு 20 கிலோமீட்டர் வேகத்தில் இரு பிரேக்குகளையும் சேர்த்துப் பிடித்து, எங்கே நிற்கிறதென்று செங்கல் வைத்து அளக்கட்டும். பிறகு 30, பிறகு 40. மழை பெய்த மறுநாள் மீண்டும் அளக்கட்டும். தலைக்கவசம் ஐ.எஸ்.ஐ. முத்திரை உடையதாக, தாடைப் பட்டை இறுகக் கட்டியதாக இருக்கட்டும். மைதானந்தானே என்று கழற்றி வைக்கலாகாது. நான்கைந்து வாரம் சென்றபின் உதியன்குளங்கரை வரை நெடுஞ்சாலையில் போகலாம். சித்தப்பா பின்னால் தம் வண்டியில் வரட்டும்.

ஹஃப் எழுதிய நூலின் படி ஒன்று நம்மிடம் உள்ளது. பிரேக் பற்றிய பகுதியைத் தமிழில் கைப்பட எழுதி உள்ளே செருகி வைத்திருக்கிறோம். கேட்போர்க்கு வரிசைப்படி அனுப்புவோம். முதலில் பாறசாலைக்குப் போகிறது.