குழிக்குள் இருந்தவர்கள்

காசில் அரசன் தலை இருக்கும், சிங்கம் இருக்கும், யானை இருக்கும். அந்த உலோகத்தை மண்ணுக்குள் இறங்கி வெட்டி எடுத்தவனுக்கு அதில் இடம் கிடைப்பது அபூர்வம். ஜேர்மன் சுரங்க ஊர்களில் அது நடந்திருக்கிறது.

வெள்ளவத்தையில் நாணயம் சேர்க்கிற அண்ணை ஒருவர் அப்படியொரு வெள்ளிக்காசை என் உள்ளங்கையில் வைத்தார். 1862 இல் பிரஷ்யா அடித்த தாலர், நிறை 18.5 கிராம். “எழுத்து சின்னன், கண்ணாடியைப் போட்டுப் பாரும்” என்றார். கழுகைச் சுற்றி ‘மான்ஸ்பெல்ட் சுரங்கத்தின் ஆசி’ என்று ஜேர்மன் மொழியில் பொறித்திருந்தது.

யாருக்குக் கிடைத்த ஆசி? மான்ஸ்பெல்டில் செம்பும் வெள்ளியும் கலந்த கறுப்புக் கற்படை அரை மீற்றர் கனம்கூட இல்லை. நிமிர்ந்து நிற்க இடமில்லாமல், ஒருபக்கம் சரிந்து படுத்தபடியே நாள் முழுக்கக் கொத்தினார்கள். கழுத்துக் கோணிப்போனதால் அவர்களுக்குக் ‘கோணல் கழுத்தர்’ என்றே பேர். மார்ட்டின் லூதரின் தகப்பன் ஹான்ஸ் செம்பு உருக்கும் உலை நடத்தியதும் இந்த ஊரில்தான்.

எனக்கு அதிகம் பிடித்தவை ஹார்ஸ் மலைப் பகுதியில் 17 ஆம் நூற்றாண்டில் பிரவுன்ஸ்விக் பிரபுக்கள் அடித்த பெரிய வெள்ளிக்காசுகள். மேலே மலை, முகிலுக்குள் இருந்து மாலை நீட்டும் ஒரு கை, குதிரை சுற்றி இழுக்கும் கப்பி. கீழே நிலத்தைப் பிளந்து காட்டியிருப்பார்கள். அதற்குள் நெல்மணி அளவில் மனிதர்கள், கையில் சுத்தியலோடு. இலாபத்தை வழமையாக 128 பங்காகப் பிரித்தார்கள். அதற்கு மேல் கோயிலுக்கும் ஊருக்கும் சில பங்குகள்.

இந்தக் கதை கொழும்பையும் தொட்டிருக்கிறது. பொஹீமியாவின் யோகிம்ஸ்தால் சுரங்கத்து வெள்ளியில் 1520 அளவில் அடித்த காசுதான் தாலர் வம்சத்துக்கு மூத்தது. கொட்டாஞ்சேனைப் பக்கம் வொல்வெண்டால் தேவாலயத்தைக் கட்டிய ஒல்லாந்தர் அந்த வம்சத்து ரிக்ஸ் டொலர் கணக்கை இங்கே கொண்டுவந்தார்கள். பிறகு ஆங்கிலேயர் 1821 இல் யானை பொறித்த ரிக்ஸ் டொலரை வெளியிட்டார்கள். வடிவான யானை. ஆனால் வெள்ளி எந்தக் குழியில் இருந்து வந்தது என்று அந்தக் காசைப் பார்த்துச் சொல்ல ஏலாது.

நம்முடைய குழிகள் இரத்தினபுரியில் இருக்கின்றன. கமுகங்கட்டையால் அண்டை கொடுத்து, இடையில் பன்னக் குழை செருகி, ஊறும் தண்ணீரை இறைத்து இறைத்து இறங்குகிறார்கள். ‘இல்லம்’ எனப்படும் கல்மண்ணைக் கூடையில் மேலே அனுப்பிக் கழுவுகிறார்கள். கல் விலைப்பட்டால் காணிக்காரருக்கு, பம்புக்காரருக்கு, இறங்கினவர்களுக்கு என்று பங்கு பிரியும். கல் அகப்படாத மாதங்களில் பல குழிகளில் சாப்பாடு மட்டுந்தான்.

கிரிக்கெட் உலகக் கிண்ணத்தை வென்றதற்கு மத்திய வங்கி 1999 இல் 5 ரூபாய் நாணயம் வெளியிட்டது. சந்தோஷப்பட்டோம். அடுத்த நினைவு நாணயம் இரத்தினபுரிக் குழிக்காரருக்கும் போகல, கஹட்டகஹ ஆகிய இடங்களின் காரீயச் சுரங்கத் தொழிலாளருக்கும் ஆகட்டும். நீலக்கல்லின் படம் வேண்டாம். குழிக்குள் நிற்கிற ஆளைப் போடுங்கள், முகம் தெரியிற அளவில்.