கர்க்கடகக் கஞ்சி

மழை ஓயாது கொட்டும் கர்க்கடக மாதத்தில், மலையாள நாட்டு வீடுகளில், ஞவரை அரிசியை வெந்தயத்தோடு குழைய வேகவைத்து, தேங்காய்ப்பால் ஊற்றி, சீரகமும் சுக்கும் மணக்க ஆவி பறக்கப் பருகும் கஞ்சியானது, மாரிக்காலத்தில் ஜடராக்கினி என்னும் செரிமான சக்தி மந்தப்படும் என்றும் ஆகாரத்தை அதற்கிசைய மாற்றிக்கொள்ள வேண்டும் என்றும் ஆயுர்வேத ஆசிரியர் வாக்படர் அஷ்டாங்க ஹிருதயம் என்னும் நூலில் வகுத்த ருதுசரியை என்னும் பருவகால ஒழுக்கத்தின் அடுக்களை வடிவமே ஆகும். வியாதி வந்தபின் வைத்தியரைத் தேடி ஓடாமல், வருமுன்னரே தேகத்தைத் திடப்படுத்திக்கொள்ளும் இவ்விவேகத்தை நாம் மனமாரப் போற்றுகிறோம். ஆயின், அக்கஞ்சியே பொட்டலமாகிக் கடைக்கு வந்து, சகல ரோகங்களையும் விரட்டும் என்ற விளம்பரத்தோடு விலைபோவது நமக்குச் சம்மதமன்று; பத்தியமும் ஓய்வும் உறக்கமும் இன்றி வெறும் பொட்டலம் என்ன செய்யும்? தட்டம்மைக்கும் தொண்டை அடைப்பானுக்கும் குழந்தைகளுக்கு உரிய காலத்தில் போடவேண்டிய தடுப்பூசியை, இக்கஞ்சியின் பேரைச் சொல்லி எந்தத் தாய் தந்தையரும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடலாகாது.