மோப்ப நாய் வழி தவறினால் விசில் அடிப்பது யார்? ஒரு விளையாட்டு சொல்லித்தரும் பாடம்

"சம்பவ இடத்துக்கு மோப்ப நாய் வரவழைக்கப்பட்டது. அது சிறிது தூரம் ஓடிச் சென்று நின்றுவிட்டது. யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை."

கொள்ளையோ, கொலையோ, செய்தியின் கடைசிப் பத்தியில் இந்த வரி இருக்கும். பல வருஷமா படிச்சுப் படிச்சு நமக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. 'இதுக்குத்தான் நாயா?' என்று கீழே ஒரு கமெண்ட்டும் விழும்.

ஆனால் அந்த வரிக்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. நாய் பாதியில் நின்றது தோல்வியா? ஒருவேளை அது நிற்காமல் ஓடிப்போய் யாரோ ஒருவர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தால், அந்த வீட்டுக்காரர்தான் குற்றவாளியா?

இரண்டாவது கேள்வியில் ஒரு மனுஷனின் மானமும் சுதந்திரமும் அடங்கியிருக்கிறது. இதற்குப் பதில் தேட உதவும் ஒரு விளையாட்டு இருக்கிறது. அதுதான் தடம் பிடிக்கும் போட்டி.

முதலில், தடம் என்றால் என்ன?

நாம் நடக்கும்போது தரையில் காலடி மட்டும் பதிவதில்லை. கண்ணுக்குத் தெரியாத தோல் துகள்கள் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கில் உடம்பிலிருந்து உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. மிதிபட்ட புல் கசங்கி ஒரு வாசனை, கிளறிய மண்ணிலிருந்து இன்னொரு வாசனை. புல் வெட்டின இடத்தில் நமக்கே ஒரு பச்சை வாசனை அடிக்கும் இல்லையா? அதன் மிகச் சிறிய வடிவம் ஒவ்வொரு காலடியிலும் இருக்கிறது. இதெல்லாம் சேர்ந்ததுதான் தடம்.

தடம் கிடைத்தால் மட்டும் போதாது, ஆள் எந்தப் பக்கம் போனார் என்பதும் தெரிய வேண்டும். நார்வே ஆய்வாளர்கள் 1993-ல் வெளியிட்ட ஆய்வில் நான்கு ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களைத் தடத்தின் பக்கவாட்டிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். இரண்டு முதல் ஐந்து காலடிகளை முகர்ந்ததுமே அவை சரியான திசையில் திரும்பின. அதற்கு எடுத்துக்கொண்டது சில விநாடிகள்தான். ஒரு காலடிக்கும் அடுத்த காலடிக்கும் நடுவே வாசனையில் இருக்கும் மிகச் சின்ன வித்தியாசத்தை நாயின் மூக்கு படித்துவிடுகிறது.

அப்போ நாய் எப்பவுமே ஜெயிக்கும்தானே? அப்படிக் கிடையாது. ஈரமான, குளிர்ந்த தரை வாசனையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெயிலும் காய்ந்த காற்றும் அதைச் சீக்கிரம் கலைத்துவிடும். காற்று அடித்தால் வாசனை பக்கவாட்டில் நகரும். அப்போது ஆள் நடந்த கோட்டுக்குச் சில மீட்டர் தள்ளி நாய் ஓடுவதும் உண்டு.

போட்டி எப்படி நடக்குது?

அமெரிக்கன் கென்னல் கிளப் நடத்தும் தடம் பிடிக்கும் தேர்வு 1930-களிலிருந்தே இருக்கிறது. அதன் முக்கியமான பட்டம் 'டிராக்கிங் டாக்', சுருக்கமாக டி.டி.

முந்தின நாளே நடுவர்கள் திடலில் கொடி நட்டு, தடம் எப்படிப் போக வேண்டும் என்று வரைபடம் போட்டுவிடுவார்கள். போட்டி அன்று நாய்க்குப் பழக்கமில்லாத ஒருவர் அந்த வழியில் நடப்பார். நடந்துகொண்டே கொடிகளைப் பிடுங்கிவிடுவார். ஆரம்பத்தில் இருக்கும் இரண்டு கொடிகள் மட்டும் மிஞ்சும். தடம் முடியும் இடத்தில் ஒரு கையுறையையோ பர்ஸையோ போட்டுவிட்டுப் போய்விடுவார்.

தடத்தின் நீளம் 440 முதல் 500 கஜம், அதாவது சுமார் 400 முதல் 460 மீட்டர். மூன்று முதல் ஐந்து திருப்பங்கள். நடந்து முடித்து குறைந்தது அரை மணி நேரம், அதிகபட்சம் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் நாய் வரும்.

நாய்க்கு ஹார்னஸ் மாட்டி நீண்ட கயிறு கட்டியிருப்பார்கள். கயிற்றின் மறுமுனையில் ஹேண்ட்லர், நாய்க்குப் பின்னால் தள்ளி நடப்பார். 'நல்லா தேடுடா' என்று உற்சாகப்படுத்தலாம். வழிகாட்டக் கூடாது. காட்டவும் முடியாது. ஏன்னா, தடம் எங்கே திரும்புது என்று ஹேண்ட்லருக்கே தெரியாது. வரைபடம் நடுவர்கள் கையில் மட்டும்தான்.

நாய் தடத்தை விட்டுத் தெளிவாக விலகிப் போனால் நடுவர் விசில் அடிப்பார். அத்தோடு ஆட்டம் முடிந்தது. இதில் மார்க் கிடையாது, பாஸ் அல்லது ஃபெயில் மட்டும்தான். நாய் வேலை செய்துகொண்டிருக்கும் வரை நேரக் கட்டுப்பாடும் இல்லை. கடைசியில் ஹேண்ட்லர் அந்தக் கையுறையைத் தூக்கிக் காட்ட வேண்டும். காட்டினால் பாஸ்.

அடுத்த நிலைகள் இன்னும் கடினம்

டி.டி.எக்ஸ் நிலையில் தடம் 800 முதல் 1,000 கஜம். மூன்று முதல் ஐந்து மணி நேரம் பழையதாக இருக்கும். நடுவில் வேறு ஆட்கள் வேண்டுமென்றே குறுக்கே நடந்து போயிருப்பார்கள். புதிதாக விழுந்த அந்த வாசனையில் மயங்காமல், பழைய வாசனையிலேயே நாய் நிற்க வேண்டும்.

1995-ல் வந்த வி.எஸ்.டி தேர்வு நகரத்துக்கானது. கட்டடங்களை ஒட்டி, புல்லில் தொடங்கும் தடம் கான்கிரீட், தார், ஜல்லி என்று தரை மாறி மாறிப் போகும். கசங்குவதற்குப் புல்லே இல்லாத இடத்தில் திருப்பம் வரும். மூன்றிலும் பாஸான நாய்க்கு 'சாம்பியன் டிராக்கர்' பட்டம்.

ஜெர்மனியில் பிறந்த 'ஷுட்ஸ்ஹுண்ட்' போட்டியின் இன்றைய பெயர் ஐ.ஜி.பி. அதன் மூன்று பிரிவுகளில் முதலாவது தடம் பிடித்தல். இதற்கு 100 மார்க், பாஸாக 70 வேண்டும். ஐ.ஜி.பி-3 நிலையில் முன்பின் தெரியாத ஒருவர் நடந்த 600 எட்டு தடம், ஒரு மணி நேரம் கழித்துக் கொடுக்கப்படும். அமெரிக்கப் போட்டியில் நாய் போய்ச் சேர்ந்ததா என்பதுதான் கேள்வி. ஐ.ஜி.பி-யில் மூக்கைத் தரையோடு வைத்து எட்டு எட்டாகப் போனதா, திருப்பத்தில் தடுமாறியதா என்பதும் கணக்கு.

நாய்க்கு எப்படிச் சொல்லித் தராங்க?

முகரச் சொல்லித்தரத் தேவையில்லை, அது பிறவியிலேயே வரும். 'நான் சொன்ன வாசனையை மட்டும், விடாமல் பிடி' என்பதுதான் பாடம்.

முதல் நாளில் ஒரு சின்ன இடத்தை நன்றாக மிதித்து, அங்கே தின்பண்டத் துண்டுகளைப் போடுவார்கள். நாய் மூக்கைத் தரையில் வைத்ததுமே பரிசு. பிறகு நேர்கோட்டில் பத்து இருபது எட்டு, ஒவ்வொரு காலடியிலும் ஒரு துண்டு. போகப்போகத் துண்டுகள் குறையும், தூரம் கூடும். அதன் பிறகு திருப்பம், அதன் பிறகு பழைய தடம். கீழே கிடக்கும் பொருளைக் கண்டால் படுத்துக் காட்டவும் தனியாகப் பழக்குவார்கள்.

பாதிப் பாடம் ஹேண்ட்லருக்கு. தடம் தவறியதும் நாயின் தலை லேசாக உயரும், வேகம் மாறும், வட்டமடிக்கும். கயிற்றின் இழுவை தளரும். அதைப் படிக்கத் தெரிய வேண்டும். அந்த நேரத்தில் 'அங்கே இருக்கும்' என்று தானாக முடிவு பண்ணி ஓர் அடி எடுத்து வைத்தால் எல்லாம் கெட்டுவிடும்.

கயிறு இரண்டு பக்கமும் பேசும்

நாய் மனுஷனோடு ஆயிரக்கணக்கான வருஷமா வாழும் பிராணி. வாசனையைப் படிப்பது போலவே நம் முகத்தையும் படிக்கும். ஹேண்ட்லர் ஓர் இடத்தில் நடையைத் தளர்த்தினாலே அதை ஒரு குறிப்பாக எடுத்துக்கொள்ளும்.

இதற்கு ஒரு பழைய பாடம் உண்டு. 1900-களின் தொடக்கத்தில் பெர்லினில் 'ஹான்ஸ்' என்ற குதிரை கணக்குப் போடுவதாக ஊரே வியந்தது. 1907-ல் உளவியலாளர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் குட்டை உடைத்தார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை! விடை வரும்போது கேட்பவரின் உடம்பில் வந்த மெல்லிய அசைவைப் பார்த்துத்தான் அது குளம்பைத் தட்டுவதை நிறுத்தியிருக்கிறது. அவர் வேண்டுமென்று ஏமாற்றவில்லை என்பதுதான் இதில் முக்கியம்.

நாய்கள் விஷயத்தில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2011-ல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். போதைப்பொருள், வெடிபொருள் கண்டுபிடிக்கும் 18 நாய்களும் அவற்றின் ஹேண்ட்லர்களும் பங்கேற்றார்கள். அறைகளில் வாசனைப் பொருள் இருக்கலாம் என்று ஹேண்ட்லர்களிடம் சொன்னார்கள். உண்மையில் எதுவுமே வைக்கவில்லை. ஆனாலும் பலமுறை 'நாய் காட்டிவிட்டது' என்று பதிவானது. பொருள் இருக்கும் என்று ஹேண்ட்லர் நம்பிய இடங்களில் அது அதிகம். இது தடம் பிடிக்கும் வேலை இல்லைதான். ஆனால் கயிற்றின் மறுமுனையில் இருக்கும் நம்பிக்கை நாயின் பதிலில் கலந்துவிடலாம் என்பதை இது காட்டியது.

ஹேண்ட்லரிடம் வரைபடம் தராத அந்த விதி எவ்வளவு பெரிய விஷயம் என்று இப்போது புரியும். நாயின் மூக்கு சொல்வதையும் மனுஷனின் மனசு சொல்வதையும் பிரிக்க அதுதான் வழி.

திடலில் விசில் இருக்கு, தெருவில்?

போட்டித் திடலில் சரியான விடை நடுவருக்குத் தெரியும். குற்றம் நடந்த இடத்தில் யாருக்கும் தெரியாது. நாய் தவறான சந்தில் திரும்பினாலும் விசில் ஊத ஆள் இல்லை. அதோடு, போலீசுக்கு முன்னாலேயே அக்கம்பக்கத்தினர் வந்து மிதித்திருப்பார்கள். இங்கே ஆரம்பக் கொடியும் கிடையாது. ஒரு பொருளை முகரவைத்து, அதிலிருந்து தொடங்க வேண்டும். அதில் இருப்பது குற்றவாளியின் வாசனைதானா என்பதே ஓர் ஊகம்.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவின் டெக்சாஸ் மாகாணத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. 2004-ல் நடந்த ஒரு கொலை. மூன்று வருஷம் கழித்து, கொலையானவரின் உடையில் இருந்து எடுத்த வாசனையை நாய்களுக்குக் காட்டி, பலரின் வாசனைகளை வரிசையாக வைத்தார்கள். நாய்கள் ஒருவருடையதைக் காட்டின. அவருக்கு 75 வருஷ சிறைத்தண்டனை. 2010-ல் டெக்சாஸ் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது. நாய் காட்டியது சந்தேகத்தைக் கிளப்பலாம், அதை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். வரிசையில் வைத்த வாசனையைக் காட்டுவது வேறு, தரையில் தடம் பிடிப்பது வேறு. ஆனால் இரண்டுக்கும் அடியில் இருக்கும் சிக்கல் ஒன்றுதான்.

நம்ம நாட்டுச் சட்டம் என்ன சொல்லுது?

இந்திய உச்ச நீதிமன்றம் இதை 1969-லேயே பேசிவிட்டது. மகாராஷ்டிராவில் நடந்த ரயில் கவிழ்ப்பு தொடர்பான அப்துல் ரசாக் முர்தசா தஃபேதார் வழக்கு அது. நாய் சாட்சிக் கூண்டில் ஏற முடியாது, அதைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது, அதன் சார்பில் ஹேண்ட்லர் சொல்வது கேள்விப்பட்டதைச் சொல்வது மாதிரிதான் என்பது முதல் ஆட்சேபம். ஒரு நாயின் ஊகத்தை நம்பி மனிதனின் உயிரும் சுதந்திரமும் தொங்கக்கூடாது என்பது இரண்டாவது. இத்தகைய சாட்சியத்துக்குப் பெரிய எடை தர முடியாது என்றது நீதிமன்றம். அந்த வழக்கில் தண்டனை நிலைத்தது, ஆனால் அதற்குக் காரணம் மற்ற ஆதாரங்கள்.

2001-ல் ஆந்திர வழக்கு ஒன்றிலும், 2008-ல் அசாம் வழக்கு ஒன்றிலும் இதே பாதையில்தான் உச்ச நீதிமன்றம் சென்றது. புலனாய்வுக்கு நாயைப் பயன்படுத்தலாம். குற்றத்தை நிரூபிக்க நாயை மட்டும் நம்ப முடியாது.

அப்போ அந்த வரியை எப்படிப் படிக்கணும்?

"சிறிது தூரம் ஓடி நின்றுவிட்டது" என்பது தோல்விதான் என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. மெயின் ரோடு வரை ஓடி நாய் நின்றால், வந்தவர் அங்கே வண்டியில் ஏறியிருக்கலாம். தரையில் தடம் அங்கே முடிகிறது. உண்மையில் அது போலீசுக்கு ஒரு துப்பு. எந்த சிசிடிவியைப் பார்க்கணும் என்று சொல்லிவிடுகிறதே!

கவனம் தேவைப்படுவது, நாய் ஒருவரைக் காட்டிவிட்டது என்று செய்தி வரும்போதுதான். நீதிமன்றம் எடை தராத ஒன்றுக்கு, கூடியிருக்கும் கூட்டமும் கேமராவும் முழு எடை தந்துவிடும். கோர்ட்டில் விடுதலையானாலும் தெருவில் அந்தப் பெயர் போகாது.

அதனால் சில கேள்விகள் கேட்கலாம். சம்பவம் நடந்து எத்தனை மணி நேரம் கழித்து நாய் வந்தது? அதற்குள் எத்தனை பேர் அங்கே நடந்தார்கள்? தரை ஈர மண்ணா, வெயிலில் கொதித்த தாரா? போலீஸ் யாரைச் சந்தேகிக்கிறது என்று ஹேண்ட்லருக்கு முன்னாடியே தெரியுமா?

கடைசிக் கேள்விதான் பெரியது. நாய் காட்டிய இடத்தில் என்ன கிடைத்தது? திருடுபோன நகையா, ரத்தக்கறை படிந்த கத்தியா, கைரேகையா?

புல் திடலில் நடக்கும் ஒரு விளையாட்டில்கூட, நாய் போய் நின்ற இடத்தில் கையுறையைத் தூக்கிக் காட்டினால்தான் பாஸ். ஒரு மனுஷனைக் குற்றவாளி என்று சொல்லும்போதும் அதையே கேட்கலாம்: கையுறை எங்கே?