ஏழு தண்ணி எங்கய்யா போச்சு?

ஆபீஸ்ல பக்கத்து சீட்டு நண்பர் ஒரு டப்பாவை நீட்டினார். பூனைக்காலி விதைப் பொடி. "இயற்கை பாஸ், சைடு எஃபெக்டே கிடையாது. டெய்லி ஒரு ஸ்பூன் போடுங்க, உடம்பு சும்மா கும்முனு ஏறும்." டப்பா மேல 'பழங்குடியினர் ரகசியம்'னு வேற.

நான் சின்னமனூர்க்காரன். பூனைக்காலின்னா எங்களுக்கு மேல பட்டா சொறிஞ்சே சாகடிக்கிற காய். ஆனா மேற்குத்தொடர்ச்சி மலையில் பளியர்களும் காணிக்காரர்களும் அந்த விதையைத் தின்றிருக்கிறார்கள். சும்மா இல்லை, வேகவைத்து, தண்ணியைக் கொட்டி, மறுபடி வேகவைத்து... காணிக்காரர்கள் ஏழு தண்ணி மாற்றுவார்கள் என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

காரணம் இருக்குங்க. விதையில் எல்-டோபா இருக்கு. 1937-லேயே சென்னையில் தாமோதரனும் ராமசாமியும் பிரித்தெடுத்துக் காட்டியது. பின்னாளில் பார்க்கின்சன் நோய்க்கு மருந்தானது. மருந்துன்னா அளவு வேணும். மிஞ்சினா வாந்தி, தலைசுற்றல், மனக்குழப்பம். அதைத்தான் அந்தத் தண்ணி கழுவிக் குறைக்குது.

இது நம்ம மலைக்கதை மட்டுமில்லை. இந்தோனேசியாவின் கெலுவாக் கொட்டையில் சயனைடு. அவித்து, சாம்பலோடு புதைத்து, வாரக்கணக்கில் காத்திருந்துதான் குழம்பில் போடுவார்கள். 'இயற்கைதானே'ன்னு யாரும் பச்சையாய்க் கடிப்பதில்லை.

நம்மாளு மட்டும் விதையை எடுத்துக்கிட்டு அறிவைக் காட்டுலயே விட்டுட்டு வந்துட்டான். அட, ரகசியமே அந்த ஏழு தண்ணிதான்யா!

'இங்கிலீஷ் மருந்துக் கைக்கூலி'ன்னு பின்னூட்டத்தில் திட்ட வர்ற மக்களே, வாங்க. முதல்ல அடுப்பைப் பத்த வைங்க.